இசை கேள்வி–பதில்: இரண்டு டெனர் சாக்சபோன்களும் 192 கிலோஹேர்ட்ஸும்

கேள்வி: டெனர் சாக்சபோன் கலைஞர்கள் கோல்மன் ஹாக்கின்ஸும் பென் வெப்ஸ்டரும் 1957ஆம் ஆண்டில் இணைந்து வாசித்த ஜாஸ் இசைத்தொகுப்பின் பழைய இறுவட்டு (சிடி) என்னிடம் இருக்கிறது. அதே தொகுப்பு இப்போது 24 பிட், 192 கிலோஹேர்ட்ஸ் உயர்தெளிவுக் கோப்பாக விற்கப்படுகிறது. மறுபடியும் பணம் கொடுத்து வாங்குவது தகுமா?
— வாசகர், உப்புவெளி, திருகோணமலை

பதில்: அந்த எண்களுக்காக வாங்குவதாயின் வேண்டாம். இறுவட்டில் ஒலியானது ஒரு விநாடிக்கு 44,100 தடவை (அதாவது 44.1 கிலோஹேர்ட்ஸ்), 16 பிட் நுண்மையில் அளந்து பதியப்படுகிறது. இதனால் அதில் பாதியளவு, ஏறத்தாழ 22 கிலோஹேர்ட்ஸ் வரையான அதிர்வெண்கள் குறைவின்றிக் கிடைக்கின்றன. மனிதச் செவியின் எல்லையோ இளமையிலேயே 20 கிலோஹேர்ட்ஸ்தான்; வயது ஏற ஏற அதுவும் குறைந்துகொண்டே வரும். 16 பிட் தரும் ஒலிவீச்சு, அதாவது மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையிலான தூரம், 96 டெசிபல். ஐம்பதுகளின் காந்த நாடாவில், நாடாவின் இரைச்சலுக்கும் உச்ச ஒலிக்கும் இடையிலான தூரம் 70 டெசிபலைத் தாண்டுவது அரிது. ஆகவே, 24 பிட் கோப்பு கூடுதலாகக் காப்பாற்றித் தருவதில் பெரும்பகுதி நாடாவின் இரைச்சலே.

அப்படியிருந்தும் ஒரு மறுவெளியீடு பழைய இறுவட்டைவிடத் தெளிவாகக் கேட்பதுண்டு. அதற்குக் காரணம் கோப்பின் அளவன்று, அதற்கு மூலமாக எடுத்துக்கொண்ட நாடா. ஆரம்பகால இறுவட்டுகள் பலவற்றுக்கு, ஒலிப்பதிவின் மூலப்பிரதியான முதல் நாடாவுக்குப் பதிலாக அதன் பிரதியோ, பிரதியின் பிரதியோ மூலமாக அமைந்தது. சிலவற்றில் இசைத்தட்டு வெட்டுவதற்கென்று ஒலிச்சமன் மாற்றப்பட்ட நாடாவே பயன்பட்டது. போதாக்குறைக்கு, இரைச்சலை நீக்குகிறோம் என்று மேல் அதிர்வெண்களை வடிகட்டியவர்களும் உண்டு. வெப்ஸ்டரைப் போன்ற ஒருவரின் வாசிப்பில் அந்த வடிகட்டல் கொண்டுபோவது பாதி உயிரை. சுரம் அடங்கிய பின்னும் குழலுக்குள் ஓடிக்கொண்டிருக்கும் மூச்சுக்காற்றின் ஓசைதான் அவருடைய கையொப்பம். அதுவும் நாடா இரைச்சலும் ஏறத்தாழ ஒரே அதிர்வெண் எல்லையில் வாழ்பவை.

எனவே, எந்த நாடாவிலிருந்து எடுத்தார்கள், யார் மறுசீரமைத்தார்கள் என்பவற்றை வெளியீட்டுக் குறிப்பில் பாருங்கள். முதல் நாடாவிலிருந்து புதிதாகச் செய்யப்பட்டதெனில் வாங்குங்கள். அதே பணி இறுவட்டுத் தரக் கோப்பாகவும் கிடைக்குமாயின் விலை குறைந்த அதையே வாங்குங்கள். உயர்தெளிவு என்ற பெயரில், மெல்லிய ஒலிகளையும் உரத்தவையாக்கி ஏற்றத்தாழ்வை நசுக்கி வெளியிடப்படும் கோப்புகளும் சந்தையில் உள்ளன. அவற்றைவிட உங்கள் பழைய இறுவட்டு எவ்வளவோ மேல்.

கேள்வி: கத்ரி கோபால்நாத்தின் வாசிப்பைக் கேட்டுப் பழகிய எனக்கு ஹாக்கின்ஸ், வெப்ஸ்டர் இருவருடைய சாக்சபோன் வேறொரு வாத்தியமாகத் தோன்றுகிறது. அதோடு, எங்கே ஒருவர் முடிக்க மற்றவர் தொடங்குகிறார் என்பதும் பிடிபடவில்லை.
— வாசகி, மூதூர்

பதில்: கோபால்நாத் கர்நாடக இசைக்கு எடுத்துக்கொண்டது ஆல்டோ சாக்சபோன். இவர்கள் இருவரும் வாசிப்பது அதனிலும் பெரிய, கீழ்ச்சுரங்களில் கனத்து ஒலிக்கும் டெனர் வகை. கோணேசர் கோயில் திருவிழாவில் இரண்டு நாதஸ்வரங்கள் சேர்ந்து ஒலிக்கையிலும், பழகிய காது ஆலாபனையில் வித்துவான் மாறும் இடத்தைப் பிடித்துவிடுகிறதல்லவா? இங்கும் அதே பழக்கம்தான் வேண்டும்.

ஹாக்கின்ஸ் 1904இல் பிறந்தவர். டெனர் சாக்சபோன் ஜாஸில் தனித்து நின்று பேசக்கூடிய வாத்தியம் என்பதை நிறுவியவர் அவரே. அதன் உச்சம் 1939ஆம் ஆண்டின் அவரது புகழ்பெற்ற பதிவு. பின்னணியில் சுரக்கூட்டு (ஒருசேர ஒலிக்கும் சுரங்கள்) மாறும் ஒவ்வொரு தடவையும் அதன் சுரங்களைப் பிரித்து, ஒன்றுவிடாமல் ஏறி இறங்கி வாசிப்பார். தொனி இறுக்கமானது, தாளத்தை முன்னே தள்ளுவது. அவரைப் பின்பற்றித் தொடங்கியவர் 1909இல் பிறந்த வெப்ஸ்டர். 1940 முதல் 1943 வரை டியூக் எலிங்டனின் இசைக்குழுவில் இருந்தபோது தமக்கென ஒரு வழியைக் கண்டார். வேகமான பாட்டில் அவரும் உறுமுவார். மெதுவான பாட்டிலோ நாலு சுரம் வாசித்து, நிறுத்தி, அசைத்து, காற்றாக விட்டுவிடுவார். அவர் வாசிக்காமல் விடும் சுரங்களுக்காகவே நான் இத்தொகுப்பைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன்.

முதற் பாட்டான ‘புளூஸ் ஃபார் யோலாண்ட்’டில் ஹாக்கின்ஸ் தொண்டை கிழியக் கத்துவதுபோல் வாசிப்பதைக் கேளுங்கள், பின்னர் ‘லா ரோசிட்டா’வில் இருவரும் ஒரே மெட்டைச் சேர்ந்து வாசிப்பதைக் கேளுங்கள். இவ்விரண்டையும் கேட்ட பிறகு ஆளை அடையாளம் காண்பது சிரமமாக இராது. பியானோவில் ஆஸ்கர் பீட்டர்சனும் பாஸில் ரே பிரவுனும் தம் வல்லமையைக் காட்ட முந்தாமல் பின்னின்று தாங்குவதையும் கவனியுங்கள். பீட்டர்சனிடம் அது எப்போதும் கிடைப்பதில்லை.

கேள்வி: தந்தையார் சிற்றலை வானொலியில் ஜாஸ் கேட்டவர். நான் திறன்பேசியிலிருந்து புளூடூத் ஒலிபெருக்கியில் கேட்கிறேன். உயர்தெளிவுக் கோப்பால் எனக்குப் பயனுண்டா?
— வாசகர், நிலாவெளி

பதில்: இல்லை. 192 கிலோஹேர்ட்ஸ் கோப்பின் ஒலி, சுருக்காத நிலையில், விநாடிக்கு 9,216 கிலோபிட். இறுவட்டின் ஒலி 1,411. சாதாரண புளூடூத் இணைப்பு கடத்துவதோ 330க்கும் உட்பட்டது. நிமிடத்துக்கு ஏறத்தாழ 69 மெகாபைட் வீதம் டேட்டாவைச் செலவழித்துப் பெற்றதை ஒலிபெருக்கிக்குப் போகும் வழியிலேயே இழக்கிறீர்கள்.

தங்கள் தந்தையார் தலைமுறைக்கு 1955 முதல் ‘அமெரிக்காவின் குரல்’ வானொலியில் வில்லிஸ் கொனோவர் ஒலிபரப்பிய ஜாஸ், சுமார் 5 கிலோஹேர்ட்ஸுக்குள் குறுகி, அலை ஏறி இறங்கித்தான் வந்து சேர்ந்தது. உலகின் பல மூலைகளில் அதைக் கேட்டே இசைக்கலைஞர்கள் உருவானார்கள். இறுவட்டுத் தரக் கோப்பொன்றை வாங்கி, மிச்சப்படும் பணத்தில் நல்லதொரு கம்பி ஹெட்போனை எடுத்துக்கொள்ளுங்கள். கடற்கரையோரம் குடியிருப்பதால் அதன் செருகியை மாதம் ஒருமுறை உலர்ந்த துணியால் துடைத்து வையுங்கள். உப்புக்காற்றில் அது விரைவில் கறுத்து, ஒரு காதில் மட்டும் கேட்கத் தொடங்கிவிடும்.