மூன்று நிறம் போதும்

(குழந்தைகளோடு சேர்ந்து வரைவது, கைவேலை செய்வது பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு, 24 ஆண்டுகளாகச் சிறு வகுப்புகளுக்கு ஓவியம் சொல்லித்தரும் ஆசிரியை ஒருவரின் பதில்கள்.)

விடுமுறையில் என் மகளோடும் (5 வயது) மகனோடும் (7 வயது) ஏதாவது செய்ய ஆசை. கடைக்குப் போனால் கிட், கிட்டாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். செலவு அதிகமாகாமல் எதை வாங்கலாம், எதை விட்டுவிடலாம்?
– இரண்டு பிள்ளைகளின் அம்மா

கிட்டை விட்டுவிடுங்கள். பெட்டியின் மேலேயே முடிந்த பொருளின் படம் இருக்கும். பிள்ளை செய்தது அப்படி வராது. கடைசியில் அழுகைதான் மிச்சம்.

போஸ்டர் கலரில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் ஒவ்வொரு பாட்டில், வெள்ளை மட்டும் பெரிய பாட்டில். வேறு நிறமே வேண்டாம். 12 நிறப் பெட்டி கையில் இருந்தால் இலைக்குப் பச்சையைத் திறந்து பூசிவிட்டுப் பிள்ளை அடுத்த வேலைக்குப் போய்விடும். மூன்றுதான் இருக்கிறது என்றால் பச்சையை அதுவே உண்டாக்கியாக வேண்டும். மஞ்சளை முதலில் தட்டில் எடுக்கச் சொல்லுங்கள், அதில் பிரஷ் நுனியளவு நீலம். நீலத்தில் மஞ்சளைக் கொட்டினால் அரை பாட்டில் போனாலும் பச்சை வெளுக்காது. எப்போதும் வெளிர் நிறத்தில்தான் அடர் நிறத்தைச் சேர்க்க வேண்டும். மஞ்சளுக்குள் நீலம் கோடு கோடாகச் சுற்றி, திடீரென்று எல்லாம் பச்சையாகும் அந்த நொடியில் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். எனக்கு இத்தனை வருடமாகியும் அது அலுக்கவில்லை.

சிவப்பு வாங்கும்போது கொஞ்சம் கவனம். ஆரஞ்சுச் சாயல் அடிக்கும் சிவப்பில் ஊதா வராது, பழுப்புதான் வரும். ரோஜாச் சாயல் உள்ள சிவப்பாகப் பாருங்கள். கறுப்பு தேவையில்லை. மூன்றையும் சேர்த்தாலே நல்ல அடர் பழுப்பு கிடைக்கும், மரத்துக்கும் முடிக்கும் அதுவே அழகு.

பிரஷ் இரண்டு: ஒரு அங்குலப் பட்டை பிரஷ் ஒன்று, 8ஆம் எண் உருண்டை பிரஷ் ஒன்று. மெல்லிய பிரஷ் சின்னக் கைக்கு எரிச்சல்தான் தரும். தண்ணீர் டம்ளரில் தலைகீழாக நிற்கவிட்டால் மயிர் வளைந்துபோகும், பிறகு நிமிராது.

காகிதத்துக்கு, ஒரு பக்கம் பிரிண்ட் எடுத்த தாள், பிரித்து விரித்த அட்டைப்பெட்டியின் உள்பக்கம், இவை போதும். மெல்லிய தாள் ஈரம் பட்டதும் நார் உப்பிச் சுருங்கும். வரைவதற்கு முன்பே நான்கு ஓரமும் டேப் ஒட்டி, காயும்வரை எடுக்காமல் இருந்தால் தட்டையாகவே நிற்கும்.

பசையும் வாங்க வேண்டாம். ஒரு கப் மைதாவுக்கு 4, 5 கப் தண்ணீர். கொஞ்சம் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, மீதியைக் கொதிக்கவைத்து அதில் ஊற்றி, சிறு தீயில் கிளறிக்கொண்டே இருங்கள். வெள்ளை மாறிக் கண்ணாடிபோல் பளபளத்ததும் இறக்கிவிடலாம். ஃப்ரிட்ஜில் சில நாள் இருக்கும். புளித்த வாடை வந்தால் கொட்டிவிடுங்கள்.

பழைய பேப்பரை ஒட்டிக் கிண்ணம் செய்தோம். ஒரு வாரமாகியும் உள்ளே ஈரம். இப்போது பூஞ்சையும் பிடித்துவிட்டது. எங்கே தவறு?
– ஒரு தாத்தா

ஒரே நாளில் அடுக்கடுக்காக ஒட்டிவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். இரண்டு, மூன்று அடுக்கு ஒட்டியதும் நிறுத்தி, ஒரு நாள் காயவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். முதல் சுற்றுக்கு நியூஸ்பேப்பர், அடுத்த சுற்றுக்கு வெள்ளைத்தாள் என்று மாற்றி ஒட்டினால் எந்த இடம் விட்டுப்போயிற்று என்று பிள்ளைக்கே தெரியும். அச்சாக வைத்த கிண்ணத்தைக் கவிழ்த்து, மேலே பிளாஸ்டிக் உறை சுற்றியிருந்தால், வெளிப்புறம் காய்ந்ததும் சுலபமாகக் கழற்றிவிடலாம். அதன்பிறகுதான் உள்பக்கம் காயும். பூஞ்சை பிடித்ததற்கு மேலே வர்ணம் அடிக்க வேண்டாம், போட்டுவிடுங்கள்.

இன்னொன்று, கத்தரிக்காதீர்கள், கிழியுங்கள். கத்தரித்த ஓரம் மேட்டுக் கோடாகத் தெரியும், கிழித்த ஓரத்தின் நார் பசையில் படிந்து மறைந்துவிடும். நியூஸ்பேப்பரை ஒரு திசையில் கிழித்தால் ஸ்கேல் வைத்ததுபோல் நேராக வரும், குறுக்கே கிழித்தால் கோணிக்கொண்டு ஓடும். ஆலையில் காகிதம் தயாராகும்போது நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்துவிடுவதால் இப்படி. சொல்லித் தராமல் பேரப்பிள்ளை கையில் ஒரு தாளைக் கொடுத்துப் பாருங்கள். அதுவே கண்டுபிடிக்கும், பிறகு வீட்டில் உள்ள பேப்பரையெல்லாம் கிழித்துத் தள்ளும். முகமூடி, உண்டியல், எதற்கும் இந்தத் துண்டுகள் வேண்டியவைதான்.

மகனுக்கு நான்கு வயது. ஆள் படம் போட்டால் தலையிலிருந்தே காலும் கையும் முளைக்கின்றன. உடம்பு எங்கேடா என்றால் கோபம் வருகிறது. சில நாள் "நீயே வரைந்து கொடு" என்று என் கையைப் பிடித்து இழுக்கிறான். வரைந்து காட்டலாமா?
– ஓர் அப்பா

அவன் வரைவது தவறே இல்லை. மூன்று, நான்கு வயதில் எத்தனையோ நாட்டுப் பிள்ளைகள் ஆளை இப்படித்தான் வரைகிறார்கள். ஒரு வட்டம், அதில் கண், வட்டத்திலிருந்தே இரண்டு கால். தலைப்பிரட்டை மனிதன் என்று இதற்குப் பெயரே உண்டு. அமெரிக்காவில் ரோடா கெல்லாக் என்ற அம்மையார் பல நாட்டுக் குழந்தைகளின் ஓவியங்களை லட்சக்கணக்கில் திரட்டி, வெறும் கிறுக்கல் என்று நாம் ஒதுக்குவதையே 20 அடிப்படை வகைகளாகப் பிரித்துக் காட்டினார். உடம்பு தானாக வரும். ஐந்து, ஆறு வயதில் தாளின் அடியில் தரைக்கோடு ஒன்று வந்து, வீடு, மரம், ஆள் எல்லாம் அதன்மேல் வரிசையாக நிற்கும்.

வரைந்து கொடுக்காதீர்கள். இதை நான் கண்டிப்பாகவே சொல்கிறேன், காரணம் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், என் வகுப்புச் சிறுமி ஒருத்தி சூரியனை நீலத்தில் பூசியிருந்தாள். நல்ல எண்ணத்தில்தான், பிரஷை வாங்கி ஓரத்தில் இரண்டு மஞ்சள் கதிர் இழுத்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. மணியடித்ததும் எல்லோரும் படத்தை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். அவளுடையது மட்டும் மேஜையிலேயே கிடந்தது. கூப்பிட்டுக் கொடுத்தேன். "அது உங்க படம் டீச்சர்" என்றாள். அன்றிலிருந்து எந்தப் பிள்ளையின் தாளிலும் என் கை பட்டதில்லை.

1897இலேயே வியன்னாவில் ஃபிரான்ஸ் சிசெக் என்பவர், பிள்ளைகள் பெரியவர்களைப் பார்த்து வரையாமல் தங்கள் போக்கில் வரைவதற்கென்றே ஒரு வகுப்பைத் தொடங்கினார். நமக்கு இன்னும் கை துறுதுறுக்கிறது.

அவன் கையை இழுத்தால் பேச்சுக் கொடுங்கள். "நாய் வரையணுமா? அதுக்கு என்னவெல்லாம் இருக்கும்? காது எப்படித் தொங்கும்?" என்று கேட்டுக்கொண்டே இருங்கள், ஒவ்வொன்றாக அவன் கை போட்டுவிடும். நீங்களும் வரைய ஆசைப்பட்டால் பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் தாளில் வரையுங்கள், அவன் கேட்டதை அல்ல, உங்களுக்குப் பிடித்ததை. முடித்ததும் "இது என்ன?" என்று கேட்காமல், "இதைப் பத்திச் சொல்லேன்" என்று மட்டும் கேளுங்கள்.

9, 11 வயதுப் பிள்ளைகளுக்கு வர்ணம் பூசுவது அலுத்துவிட்டது. அசந்துபோகிற மாதிரி ஏதாவது சொல்லுங்களேன்.
– ஒரு சித்தி

வெயிலையே வரைய வைக்கலாம். ஒரு ஸ்பூன் மஞ்சள்தூளை, மருந்துக்கடை ஸ்பிரிட் இரண்டு மேஜைக்கரண்டியில் கலக்கித் தெளியவிடுங்கள். இந்த வேலை உங்களுடையது, அடுப்பருகே வேண்டாம், ஜன்னல் திறந்திருக்கட்டும். தெளிந்த சாற்றை வெள்ளைத்தாளில் பூசி நிழலில் உலர்த்துங்கள். மேலே ஒரு இலையை வைத்து, ஃபோட்டோ ஃபிரேம் கண்ணாடியால் அழுத்தி, நல்ல வெயிலில் சில மணி நேரம் விடுங்கள். வெயில் பட்ட இடம் வெளுத்து, இலை மறைத்த இடம் மட்டும் மஞ்சளாகவே நிற்கும். பிறகு ஒரு கப் தண்ணீரில் ஒரு ஸ்பூன் சமையல் சோடா கரைத்து மேலே தெளிக்கச் சொல்லுங்கள். மஞ்சள் இலை கண்ணெதிரே செம்பழுப்பாக மாறும். சமையல் சோடா போன்ற காரப்பொருள் பட்டால் மஞ்சளின் நிறம் மாறிவிடும், சோப்புத் தண்ணீரும் இதைச் செய்யும்.

தாவரச் சாற்றில் இப்படி வெயில்படம் எடுக்கும் முறையை ஜான் ஹெர்ஷல் என்ற வானியல் அறிஞர் 1842இல் விவரித்து எழுதினார். பூவிதழ்களைப் பிழிந்த சாற்றை அவர் பயன்படுத்தினார். உங்கள் பிள்ளைகளும் கையில் கிடைக்கும் பூக்களையெல்லாம் பிழிந்து பார்க்கட்டும். சிலவற்றுக்கு நாள் கணக்கில் வெயில் வேண்டும், அந்தக் காத்திருப்பும் இந்த வயதுக்குப் பிடிக்கும். வெளிச்சத்தில் மாட்டினால் படம் மறைந்துவிடும், புத்தகத்துக்குள் வையுங்கள்.

என் மகள் இடதுகைக்காரி. கத்தரித்தால் தாள் நடுவில் மடங்குகிறது. பயிற்சி போதவில்லையா?

கத்தரிக்கோல்தான் காரணம். வலக்கைக்காகச் செய்ததை இடக்கையில் பிடித்து அழுத்தினால் இரண்டு அலகும் விலகும், தாள் நடுவில் புகுந்து மடங்கும். வெட்டும் கோட்டையும் மேல் அலகு மறைத்துவிடும். இடக்கைக் கத்தரிக்கோல் என்றே கேட்டு வாங்குங்கள். நான் காசு செலவழிக்கச் சொல்லும் சில பொருட்களில் இது ஒன்று.

தரை, சட்டை எல்லாம் கறை. எப்படிச் சமாளிப்பது?

அக்ரிலிக் வாங்காதீர்கள், காய்ந்தால் பிளாஸ்டிக் போல் பிடித்துக்கொள்ளும். தரையில் நியூஸ்பேப்பர், பிள்ளைக்கு அப்பாவின் பழைய சட்டையை முன்பின்னாக மாட்டி பட்டனை முதுகில் போடுங்கள். மூன்று வயதுக்குக் கீழ் தம்பி தங்கை இருந்தால் மணி, பட்டன் போன்ற சின்னப் பொருள் எதுவும் தரையில் கிடக்கக்கூடாது. விழுங்கினால் மூச்சடைக்கும்.

வரைந்த படங்கள் மலையாகக் குவிந்துவிட்டன. போட மனமில்லை, வைக்க இடமில்லை.
– ஒரு பாட்டி

தட்டையான அட்டைப்பெட்டி ஒன்று போதும். நிறைந்ததும் எது இருக்கட்டும், எது போகட்டும் என்று பேத்தியையே பிரிக்கச் சொல்லுங்கள். அவள் வைத்துக்கொள்வது நீங்கள் நினைத்ததாக இருக்காது. போகிற தாள்களைக் கிழித்துக் கிண்ணத்துக்கு ஒட்டலாம். வைக்கிற படத்தின் பின்னால் தேதியும், அந்தப் படத்தைப் பற்றி அவள் சொன்னதை அவள் வார்த்தையிலேயேயும் எழுதிவிடுங்கள். பென்சிலால் எழுதுங்கள், பேனா மை முன்பக்கம் ஊறிவிடும்.