கோளாறான காணொளியிலிருந்து ஒலியை மீட்பது: வாசகர் கேள்விகளும் பதில்களும்

காணொளியிலிருந்து ஒலியை மட்டும் பிரித்தெடுப்பது நல்ல கோப்பாக இருந்தால் ஒரு நிமிட வேலை. கோப்பில் கோளாறு இருக்கும்போதுதான் அது நாள்கணக்கில் இழுக்கிறது. வந்திருக்கும் கேள்விகளில் பெரும்பாலானவற்றில் ஒலி கெட்டுப்போகவே இல்லை, அதைச் சுமந்திருக்கும் கோப்பின் அமைப்புதான் கெட்டிருக்கிறது. ஆகவே மாற்றித் தரும் மென்பொருளைத் தேடி இறக்குவதற்கு முன், கோளாறு எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். எதைச் செய்தாலும் மூலக் கோப்பைத் தொடாமல் அதன் பிரதியில் மட்டும் செய்யுங்கள்.

கேள்வி: அப்பாவின் பீமரத சாந்தியில் அவர் பேசியதைக் கேமராவில் பதிவு செய்துகொண்டிருந்தபோது பேட்டரி தீர்ந்து கேமரா நின்றுவிட்டது. கோப்பு 2.8 ஜிபி இருக்கிறது, ஆனால் எந்தப் பிளேயரிலும் திறக்கவில்லை. பெயரின் இறுதியில் எம்பி4 என்பதை எம்பி3 என்று மாற்றியும் பயனில்லை. படம் போனாலும் பரவாயில்லை, குரல் கிடைக்குமா?

பதில்: கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. பெயரை மாற்றியதால் உள்ளே ஒரு பைட்கூட மாறவில்லை என்பதால், பழைய பெயரையே திரும்ப வைத்துவிடுங்கள்.

எம்பி4 கோப்பில் இரண்டு முக்கியப் பகுதிகள் உண்டு. படமும் ஒலியும் சிறு துண்டுகளாக மாறி மாறி எழுதப்படும் 'எம்டாட்' ஒன்று. எந்தத் துண்டு எங்கே தொடங்குகிறது, எத்தனை பைட் நீளம், அது படமா ஒலியா என்பதையெல்லாம் குறித்து வைக்கும் 'மூவ்' என்ற அட்டவணை மற்றொன்று. பல கேமராக்கள் இந்த அட்டவணையைப் பதிவு முடியும் தறுவாயில்தான் எழுதுகின்றன. மின்சாரம் இடையில் நின்றதால் 2.8 ஜிபி தரவும் எழுதப்பட்டு, அதைப் படிக்க வழிகாட்டும் அட்டவணை மட்டும் எழுதப்படாமல் போயிருக்கிறது.

"ஒலியை மட்டுமாவது வெட்டி எடுக்க முடியாதா" என்று பலரும் கேட்கிறார்கள். எம்பி3 கோப்பில் ஒவ்வொரு ஒலித்துண்டின் தலையிலும் ஓர் அடையாளம் இருப்பதால், நடுவில் எங்கே வெட்டினாலும் அடுத்த துண்டிலிருந்து படித்துவிடலாம். எம்பி4-க்குள் ஒலியைச் சுருக்கி வைக்கும் வழக்கமான வடிவம் ஏஏசி; அதில் அந்த அடையாளம் இருப்பதில்லை. அட்டவணை இருக்கிறதே என்று அந்த அடையாளத்தை எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். 48,000 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 48,000 முறை ஒலியை அளந்து, பதிவான ஒரு மணி நேரப் பேச்சில், ஒன்று சுமார் 21 மில்லிநொடி வீதம், 1,68,000-க்கும் மேற்பட்ட துண்டுகள் இருக்கும். அவற்றின் எல்லைகளைக் குறித்த ஒரே இடம் அந்த அட்டவணைதான்.

இதற்கென்றே 'அன்ட்ரங்க்' என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அதே கேமராவில், அதே தரத்திலும் பிரேம் வேகத்திலும் ஓரிரு நிமிடம் புதிதாகப் பதிவு செய்து, முறையாக நிறுத்தி, அந்த நல்ல கோப்பை மாதிரியாகக் கொடுத்தால், அதன் அமைப்பைப் பார்த்து உடைந்த கோப்புக்கு ஓர் அட்டவணையை அது கட்டித் தரும். மாதிரியை வேறு மெமரி கார்டில் பதிவு செய்யுங்கள்; பழைய கார்டில் இனி எதையும் எழுதக்கூடாது. சில கேமராக்கள், அந்தக் கார்டைப் போட்டு மீண்டும் இயக்கினாலே, கோப்பைச் சரிசெய்யவா என்று தாமே கேட்கும். ஆகவே கார்டின் முழுப் பிரதியைக் கணினியில் எடுத்த பிறகு அதையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. மீட்ட கோப்பில் படம் கட்டம் கட்டமாகச் சிதறினாலும் குரல் தெளிவாகக் கிடைப்பது உண்டு.

கேள்வி: விஎல்சி மூலம் ஒலியை எம்பி3 ஆக மாற்றினேன். மூலத்தைவிட மங்கலாக இருக்கிறது. 320 கேபிபிஎஸ் வைத்தால் சரியாகிவிடுமா?

பதில்: ஆகாது. காணொளியில் ஏற்கெனவே சுருக்கப்பட்டிருக்கும் ஒலியை விரித்து மறுபடியும் சுருக்கும்போது இழப்புதான் கூடும்; கேபிபிஎஸ், அதாவது ஒரு நொடி ஒலிக்கு ஒதுக்கும் தரவின் அளவைக் காட்டும் எண்ணை உயர்த்தினால் அந்த இழப்பு குறையும், ஆனால் முதலில் போனது திரும்பாது. விஎல்சியின் 'டூல்ஸ்' பட்டியலில் 'கோடெக் இன்ஃபர்மேஷன்' திறந்து, உள்ளே இருப்பது எந்த வகை ஒலி என்று பாருங்கள். ஏஏசி என்றால் எம்4ஏ, ஓபஸ் என்ற மற்றொரு சுருக்க வடிவம் என்றால் ஓபஸ் கோப்பு என, இருக்கும் வடிவத்திலேயே மாற்றமின்றி எடுப்பதே முறை. 'லாஸ்லெஸ்கட்' மென்பொருளில் தடங்களை அப்படியே பிரித்துத் தரும் வசதி உண்டு. அதற்குள் வேலை செய்வது எஃப்எஃப்எம்பெக் என்ற இலவசக் கட்டளைவழிக் கருவி என்பதால், கட்டளை எழுதிப் பழகியவர்கள் நேரடியாக அதையே பயன்படுத்தலாம். இணையத்தில் கோப்பை ஏற்றி மாற்றித் தரும் தளங்களை நான் பரிந்துரைப்பதில்லை. குடும்ப விழாவின் பதிவை யாரோ ஒருவருடைய சர்வருக்கு அனுப்ப அவசியமே இல்லை.

கேள்வி: கோயில் மண்டபத்தில் நடந்த சொற்பொழிவின் காணொளி ஹெட்போனில் நன்றாகக் கேட்கிறது. ஒலியைப் பிரித்துக் கைபேசியில் போட்டால் லேசான முனகல் மட்டும் வருகிறது. பிரித்த விதத்தில் தவறா?

பதில்: பிரித்ததில் தவறு இல்லை, பதிவு செய்தபோதே நேர்ந்தது. மைக்செட்டுக்காரரின் மிக்ஸரிலிருந்து கேமராவுக்கு நேராக வயர் கொடுத்திருப்பார்கள். மிக்ஸரின் பேலன்ஸ்டு வெளியீட்டில் ஒரே குரல் இரண்டு கம்பிகளில், ஒன்று மற்றொன்றுக்கு நேர் எதிரான அலையாக வருகிறது. கேமராவின் ஸ்டீரியோ துளையில் அதைச் செருகினால் ஒரு கம்பி இடது பக்கமும் மற்றது வலது பக்கமும் போய்விடும். ஹெட்போனில் இரு காதுக்கும் தனித்தனியாக வருவதால் கேட்கிறது. ஒற்றை ஸ்பீக்கருக்காகக் கைபேசி இரண்டையும் கூட்டும்போது ஒன்றை ஒன்று அழித்துவிடுகிறது.

ஆடாசிட்டி என்ற இலவச ஒலித்தொகுப்பு மென்பொருளில் கோப்பைத் திறந்து பெரிதாக்கிப் பாருங்கள்: மேல் அலை உயரும் இடத்தில் கீழ் அலை தாழ்ந்திருக்கும். தடத்தின் பெயரருகே உள்ள பட்டியலில் 'ஸ்ப்ளிட் ஸ்டீரியோ டு மோனோ' கொடுத்து, இரண்டில் ஒன்றை நீக்கிவிட்டுச் சேமித்தால் போதும். விண்டோஸில் ஆடாசிட்டி எம்4ஏ கோப்பைத் திறக்க மறுத்தால், அதற்கான எஃப்எஃப்எம்பெக் நூலகத்தைத் தனியாக நிறுவ வேண்டும்.

கேள்வி: பிரித்தெடுத்த பேச்சு கனத்த குரலில், சற்று மெதுவாக ஓடுகிறது. ஏன்?

பதில்: 48,000 ஹெர்ட்ஸில் பதிவானதை 44,100 என்று தவறாகப் படித்தால் இப்படித்தான் ஆகும்; 60 நிமிடப் பேச்சு 65 நிமிடத்தைத் தாண்டிவிடும். ஆடாசிட்டியில் தடத்தின் 'ரேட்' பகுதியில் 48,000 என்று மாற்றுங்கள். 'ரீசாம்பிள்' என்பதைத் தொடாதீர்கள், அது தவறான வேகத்தையே நிரந்தரமாக்கிவிடும்.

கேள்வி: ஐபோன் 16-இல் எடுத்த காணொளியில் என் பழைய மென்பொருள் ஒலியே இல்லை என்கிறது.

பதில்: ஒலி வரும் திசையையும் பதிவு செய்யும் ஸ்பேஷியல் ஆடியோ இயக்கத்தில் இருந்தால் அந்தக் கைபேசி ஒரே கோப்பில் இரண்டு ஒலித்தடங்களை எழுதுகிறது: ஒன்று வழக்கமான ஏஏசி ஸ்டீரியோ, மற்றொன்று ஆப்பிளின் புதிய ஒலி வடிவமான ஏபிஏசி. இரண்டாவதைப் புரிந்துகொள்ளாத மென்பொருள் தடுமாறும். லாஸ்லெஸ்கட்டில் ஏஏசி தடத்தை மட்டும் தேர்ந்தெடுத்து எடுங்கள்.

கேள்வி: பழைய வெளிப்புற ஹார்ட் டிஸ்கில் உள்ள காணொளியைத் திறந்தால் பாதியில் கணினியே உறைகிறது. பலமுறை முயன்றும் ஒலி வரவில்லை.

பதில்: முதலில் முயற்சியை நிறுத்துங்கள். டிஸ்கின் ஒரு பகுதியைப் படிக்க முடியாமல் அது திணறுகிறது. ஒவ்வொரு முயற்சியிலும் எஞ்சியிருப்பதும் கெடலாம். லினக்ஸில் 'டிடிரெஸ்க்யூ' என்ற கருவி, படிக்க முடியும் பகுதிகளை முதலில் எடுத்து வைத்துவிட்டு, கெட்ட இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். எங்கே நின்றது என்பதையும் குறித்துக்கொள்ளும். அதில் எடுத்த பிரதியிலிருந்து ஒலியைப் பிரித்தால், கெட்ட இடத்தில் சிறு இடைவெளியோ கரகரப்போ வரும், மற்றவை பெரும்பாலும் ஒழுங்காகவே இருக்கும். டிஸ்கிலிருந்து 'டக் டக்' என்ற சத்தம் வருகிறது என்றால் இதையும் செய்யாமல், தரவு மீட்புக் கடையில் கொடுத்துவிடுங்கள்.