புர்கோஸில் மூன்று மணி நேரம் – கடிதம்

வணக்கம் ஐயா,

அடுத்த மாதம் குடும்பத்துடன் ஸ்பெயினில் மாட்ரிட்டிலிருந்து பில்பாவோ போகிறோம். வழியில் புர்கோஸ் பேராலயத்தைப் பார்க்க மூன்று மணி நேரம் ஒதுக்கலாம். ஆனால் மடாலயம், அருங்காட்சியகம், கோட்டை என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. இந்தக் கொஞ்ச நேரத்துக்காக அங்கே இறங்கத்தான் வேண்டுமா?

ச., திருச்சி

அன்புள்ள ச.,

கட்டாயம் இறங்குங்கள். பட்டியலை மட்டும் விட்டுவிடுங்கள். பக்கத்தில் ஆதிமனிதர்களின் எலும்புகள் கிடைத்த அதாபுவெர்காவின் அகழாய்வுப் பொருள்களை வைத்திருக்கும் மனிதப் பரிணாம அருங்காட்சியகம் அருமையானதுதான், ஆனால் அதற்கே அரை நாள் வேண்டும்.

பஸ்ஸில் போவது நல்லது. ரயில் நிலையம் ஊருக்கு வெளியே தள்ளி இருக்கிறது. பஸ் நிலையத்திலிருந்து அர்லான்சோன் ஆற்றைக் கடந்து சாந்தா மரியா வளைவுக்குள் நுழைந்தால் பேராலயம் வந்துவிடும்.

வந்ததும் டிக்கெட் வாங்க ஓடாதீர்கள். சான் நிக்கோலாஸ் தேவாலயத்தை ஒட்டிப் படியேறி மேல்தெருவுக்குப் போங்கள். ஸ்பெயினின் வடமேற்கிலுள்ள புனிதத் தலமான சந்தியாகோவுக்கு நடக்கும் யாத்திரிகர்களின் வழி அது. பேராலயத்தின் வடக்கு வாசல் அங்கே பூட்டிக் கிடக்கும். வாசல் தெருமட்டத்தில் இருக்கிறது, கோயிலின் தரையோ பல மீட்டர் ஆழத்தில். 1221இல் மன்னர் மூன்றாம் பெர்னாண்டோவும் ஆயர் மவுரிசியோவும் கட்டத் தொடங்கிய இடம் மலைச்சரிவு. மேல்தெருக்காரர்கள் கீழே இறங்குவதற்குக் கோயிலையே குறுக்கு வழியாக்கிக்கொண்டார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. அந்த உயர வித்தியாசத்தைச் சமாளிக்கத்தான் இத்தாலியில் வேலை பார்த்துத் திரும்பிய சிற்பி தியேகோ தே சிலோயே 1519இல் உள்ளே தங்கப் படிக்கட்டைக் கட்டத் தொடங்கினார். கீழிருந்து ஒன்றாக ஏறி, இரண்டாகப் பிரிந்து, வாசலருகே மறுபடி கூடும் படிகள், பொன்முலாம் பூசிய இரும்புக் கைப்பிடி. வெளியே அந்த வாசலைப் பார்க்காமல் உள்ளே போகிறவர்களுக்கு அது வெறும் அலங்காரம்.

உள்ளே நடுமாடத்துக்குக் கீழே நின்று அண்ணாந்து பாருங்கள். 1539இல் இடிந்து விழுந்து, 1568இல் மறுபடி கட்டி முடிக்கப்பட்டது. உச்சியில் நட்சத்திரமாகக் குடைந்த கல்லின் வழியே வெளிச்சம் இறங்கும். அதற்கு நேர் கீழே தரையில் ஒரு கல்பலகை. 11ஆம் நூற்றாண்டுப் படைத்தலைவரும் ஸ்பானியக் காவிய நாயகருமான எல் சித்தும் மனைவி ஹிமேனாவும் அங்கே அடக்கமாகி இருக்கிறார்கள்.

நாடுகடத்தப்பட்ட எல் சித் புர்கோஸ் வழியே போனபோது, மன்னருக்குப் பயந்து ஒருவரும் கதவைத் திறக்கவில்லை என்றும், ஒன்பது வயதுச் சிறுமிதான் வெளியே வந்து காரணம் சொன்னாள் என்றும் பழைய காவியம் பாடுகிறது. கிறிஸ்தவ மன்னரிடம் மட்டுமல்ல, சரகோசாவின் முஸ்லிம் மன்னரிடமும் படைத்தலைவராக இருந்தவர் அவர். 1099இல் வலென்சியாவில் இறந்தார். பின்னர் அடக்கம் செய்யப்பட்ட மடாலயக் கல்லறையை நெப்போலியனின் படையினர் உடைத்தார்கள். எலும்புகள் பல இடம் அலைந்து 1921இல்தான் இங்கே சேர்ந்தன. கதவடைத்த ஊரிலேயே இப்போது நடுநாயகமான இடம்!

வெளியே வந்ததும் கோபுரங்களைப் பாருங்கள். கல்லின் இடைவெளிகளில் வானம் தெரியும். 15ஆம் நூற்றாண்டில் அவற்றை எழுப்பிய ஹுவான் தே கொலோனியா ஜெர்மனியின் கொலோன்காரர். அவருடைய சொந்த ஊர்ப் பேராலயத்தின் கோபுரங்கள் முடிந்ததோ 1880இல்.

பேராலயத்துக்குள் கடிகாரத்தின் மேலிருந்து மணிக்கொரு முறை வாயைத் திறக்கும் பாப்பாமோஸ்காஸ் பொம்மைக்காகக் காத்திருக்காதீர்கள். குழந்தைகள் அடம்பிடித்தால் மட்டும் நில்லுங்கள். நீங்கள் அசைவமென்றால் அந்த நேரத்தில் அரிசி சேர்த்த இரத்தத் தொத்திறைச்சியைச் சாப்பிட்டுவிடலாம். இந்த ஊர் அதற்குப் பேர்போனது.

அன்புடன்.