டயாவில் ஒரு வசதி வேண்டும் என்று எப்படிக் கேட்பது?

டயா என்பது பிளோசார்ட், நெட்வொர்க் படம், சர்க்யூட் எல்லாம் வரைய உதவும் கட்டற்ற மென்பொருள். அலெக்சாண்டர் லார்சன் தொடங்கியது. யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், பகிரலாம் என்னும் ஜிபிஎல் உரிமத்தில் வருகிறது. அதன் நிரல் இப்போது க்னோம் என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தின் கிட்லேப் தளத்தில் இருக்கிறது; கோரிக்கைகளைப் போடுவதும் அங்கேதான். சேலத்தில் நான் பார்க்கும் வேலைக்குப் பல வருடமாக இதுதான் துணை. 'இதில் இன்னது இருந்தால் நன்றாக இருக்கும்' என்று நினைப்பவர்கள் கேளுங்கள் என்றேன். நம் பக்கத்து ஆட்களிடமிருந்து வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

ஆத்தூர் பக்கம் சேகோ (ஜவ்வரிசி) ஆலையில் கணக்கு எழுதுபவர்: சார், ஆலை வேலையை ஒரு படமாகப் போடச் சொன்னார் முதலாளி. பெட்டிக்குள் தமிழில் எழுத எழுத பெட்டி அகலமாகிக்கொண்டே போகிறது. 'டெக்ஸ்ட் ராப் வேண்டும்' என்று எழுதி அனுப்பினால் போதுமா?

போதாதுங்க. அந்த மூன்று சொல்லைப் படிப்பவருக்கு உங்கள் ஆலையும் தெரியாது, உங்கள் அவஸ்தையும் தெரியாது. என்ன வரைந்தீர்கள், எந்த இடத்தில் கை நின்றது என்பதைச் சொல்லுங்கள். உங்கள் விஷயத்தை நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்:

"மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யும் வேலையைப் படமாக வரைகிறேன். தோல் உரித்தல், கழுவுதல், அரைத்தல், பால் வடிகட்டுதல், தொட்டியில் மாவு படிய விடுதல், உருட்டுதல், வறுத்தல், காய வைத்தல் என எட்டுப் பெட்டிகள். 'தொட்டியில் மாவு படிய விடுதல்' என்று எழுதியதும் அந்தப் பெட்டி மட்டும் மற்றவற்றைவிட இரண்டு பங்கு அகலமாகிறது. இப்போது நானே நடுவில் என்டர் தட்டி வரியை உடைக்கிறேன். எழுத்தின் அளவை மாற்றினால் எட்டுப் பெட்டியிலும் திரும்ப உடைக்க வேண்டியிருக்கிறது. பெட்டியின் அகலத்தை நான் முடிவு செய்து, எழுத்து தானாக அடுத்த வரிக்கு இறங்கினால் இந்த வேலை மிச்சம்."

இதில் செய்த வேலை, தடங்கல், இப்போது சமாளிக்கும் வழி, வேண்டியது நான்கும் இருக்கின்றன. நிரல் எழுதுபவருக்கு மிகவும் உதவுவது அந்த மூன்றாவதுதான். நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்பதிலிருந்து வலி எவ்வளவு என்று அவருக்குப் புரிந்துவிடும். அனுப்பும் முன் பழைய கோரிக்கைகளில் ஒருமுறை தேடிப் பாருங்கள். இதையே வேறு யாராவது கேட்டிருந்தால் அதன் கீழேயே உங்கள் ஆலைக் கதையைச் சேருங்கள். புதிதாக ஒன்று திறப்பதைவிட அதற்கு எடை அதிகம்.

படத்தையும் இணையுங்கள். டயா கோப்பு என்பது சுருக்கி வைத்த எக்ஸ்எம்எல், அதாவது குறிச்சொற்களோடு எழுதிய வெறும் உரை. சேமிக்கும்போது சுருக்கும் தேர்வை எடுத்துவிட்டால், அதை யாரும் நோட்பேடிலேயே திறந்து படிக்கலாம்.

அவரே மறுபடியும்: அப்புறம், படிவுத் தொட்டிக்கும் வறுக்கும் அடுப்புக்கும் தனி வடிவம் கேட்கலாமா?

இதற்குக் கேட்கவே வேண்டாம், நீங்களே செய்துகொள்ளலாம். டயாவிலேயே தொட்டியை வரைந்து, ஷேப் கோப்பாக ஏற்றுமதி செய்யுங்கள். அதுவும் எக்ஸ்எம்எல்தான், கோடு எங்கே வந்து ஒட்ட வேண்டும் என்ற இணைப்புப் புள்ளிகளை உள்ளே ஒவ்வொரு வரியாகச் சேர்க்கலாம். தொட்டிக்குப் பால் மேலே வந்து விழும், தண்ணீர் பக்கவாட்டில் வெளியேறும். அந்த இரண்டு இடத்திலும் புள்ளி வைத்தால், தொட்டியை இழுத்தாலும் கோடு கூடவே வரும். ஒரு சாயங்காலத்தில் முடிகிற வேலை. ஆலைக்காரர் போட்ட வடிவத் தொகுப்பு ஒன்று வெளியே வந்தால், மாவட்டத்தில் இருக்கும் மற்ற சேகோ ஆலைகளும் எடுத்துக்கொள்ளும். எனக்கு அதில் உண்மையாகவே ஆசை இருக்கிறது.

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர்: அண்ணா, திரையில் தமிழ் சரியாகத் தெரிகிறது. இபிஎஸ் என்ற அச்சுக் கோப்பாக ஆக்கி அச்சுக்கடைக்குக் கொடுத்தால் எழுத்தே வரவில்லை. இதைக் குறை என்று சொல்லலாமா?

முதலில் ஏற்றுமதிப் பட்டியலைப் பாருங்கள் தம்பி. இபிஎஸ் என்று இரண்டு வகை இருக்கும். ஒன்று லத்தீன்-1 எழுத்துருக்களைக் கொண்டது. அதில் மேற்கு ஐரோப்பிய எழுத்துகள்தான் உண்டு, தமிழுக்கு இடமே கிடையாது. இன்னொன்று பாங்கோ என்ற, எழுத்துகளை அடுக்கிக் காட்டும் நிரல் தொகுப்பு வழியாகப் போவது. நம் எழுத்துக்கு அதுதான். 'கொலுசு' என்பதில் முதல் எழுத்தைப் பாருங்கள்: கணினியில் 'க'வுக்குப் பின்னால் ஒரே குறியீடாக இருப்பது, காட்டும்போது கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் போய் உட்கார வேண்டும். அந்த அடுக்கும் வேலையைச் செய்வது பாங்கோவும் அதனுள் இருக்கும் ஹார்ஃப்பஸும்.

பாங்கோ வகையிலும் பிழை வந்தால் தயங்காமல் எழுதுங்கள். எந்த எழுத்துரு, எந்தப் பதிப்பு, எந்தச் சொல் என்று மூன்றையும் சொல்லி, திரையில் தெரிந்ததையும் கோப்பில் வந்ததையும் அடுத்தடுத்து வையுங்கள். தமிழ் படிக்கத் தெரியாதவர்கூட இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசத்தைக் கண்டுபிடித்துவிடுவார்.

ஏற்காட்டில் காப்பித் தோட்டம் பார்ப்பவர்: பல்ப்பர் (காப்பிப் பழத்தின் தோலை நீக்கும் இயந்திரம்) கொட்டகைக்கும் கழுவும் தொட்டிக்கும் போகும் பைப்புகளை வரைகிறேன். இரண்டு கோடு குறுக்கே போனால் சேர்ந்திருக்கிறதா, தாண்டிப் போகிறதா என்று தெரியவில்லை. டிரா.ஐஓ என்ற இன்னொரு படம் வரையும் மென்பொருளில் குறுக்கே தாண்டும் இடத்தில் சின்ன வளைவு வருகிறது. அதே மாதிரி வேண்டும் என்று கேட்கலாமா?

கேட்கலாம். ஆனால் 'அதில் இருக்கிறது, இதில் ஏன் இல்லை' என்று தொடங்காதீர்கள். பல்ப்பருக்குப் போகிற நல்ல தண்ணீரும், கழுவிவிட்டு வருகிற கழிவுத் தண்ணீரும் படத்தில் ஒட்டியது போல் தெரிந்தால், பைப் போட வந்த ஆள் அதையே நம்பி இணைத்துவிடுவார் இல்லையா? அந்தப் பயத்தை எழுதுங்கள். டிரா.ஐஓ-வின் வளைவைக் கடைசியில் உதாரணமாக ஒரு வரி சொன்னால் போதும். காரணம் தெரிந்தால், வளைவைவிட நல்ல வழிகூட அவர்களுக்குத் தோன்றலாம்.

அம்மாப்பேட்டை தறிக்காரர்: சேலைக்கரை டிசைனைக் கட்டம் கட்டமாகப் போட ஒரு வசதி?

அது வேறு வேலைங்க. டயா பெட்டியையும் கோட்டையும் இணைப்பதற்கானது. கட்டம் நிரப்ப விரிதாளே வசதி. இதை நான் கோரிக்கையாக அனுப்ப மாட்டேன்.

கருப்பூரில் பொறியியல் படிக்கும் மாணவி: அண்ணா, கோரிக்கை போட்டு நான்கு மாதம் ஆகிறது, ஒரு பதிலும் இல்லை. அந்த வசதிக்கான நிரலை நானே எழுதி அனுப்பட்டுமா?

அனுப்பும்மா. டயாவின் 0.97.3 பதிப்பு வந்தது 2014-ல். அதற்குப் பிறகு பல வருடம் புதிய நிலையான பதிப்பே வரவில்லை. டயாவை உருவாக்குபவர்கள் நேரம் கிடைக்கும்போது செய்கிறவர்கள். நான் முதல்முதலில் ஒரு திட்டத்துக்கு எழுதியபோது ஒரே கோரிக்கையில் ஒன்பது விஷயம் வைத்தேன். தனித்தனியாகப் பிரித்துப் போடுங்கள் என்று மூடிவிட்டார்கள். பிரித்ததும் இரண்டுக்குப் பதில் வந்தது. உன்னுடையதும் அப்படி இருக்கிறதா என்று பார்.

எழுதுவதென்றால் நேராக சி நிரலில் இறங்காதே. டயாவுக்குள் பைத்தான் என்ற எளிய நிரல் மொழியும் ஓடும். நீ கேட்டதை அதில் சின்னச் செருகுநிரலாக (பிளகின்) முயன்று பார். ஓடினால் அதைக் கோரிக்கையில் இணைத்து, 'இதை உள்ளே சேர்க்க விரும்புகிறேன், எந்தப் பக்கமாகப் போகலாம்?' என்று கேள். பதில் வந்த பிறகு பெரிய வேலையைத் தொடங்கு. கேட்காமல் மாதக்கணக்கில் எழுதிவிட்டு, அவர்கள் வேறு வழியில் போவது தெரிந்தால் மனது உடைந்துவிடும்.

ஓமலூர் ஆசிரியர்: எனக்கு ஆங்கிலத்தில் எழுத வராது. தமிழிலேயே அனுப்பலாமா?

முதலில் தமிழில் எழுதுங்கள் ஐயா, அப்போதுதான் சொல்ல வந்தது முழுதாக வரும். பிறகு சின்னச் சின்ன வாக்கியமாக ஆங்கிலத்தில் மாற்றிக்கொள்ளலாம். நானும் பார்த்துத் தருகிறேன். தமிழ் மூலத்தையும் கீழே விட்டுவையுங்கள். உங்களைப் போன்றவர்கள் வேறொரு வேலைக்கும் தேவை. க்னோம் மென்பொருள்களின் தமிழாக்கம் டேம்ன்டு லைஸ் என்ற தளம் வழியாக நடக்கிறது. மெனுவில் ஒரு சொல் புரியாமல் உங்கள் மாணவர்கள் திணறினால், அந்தச் சொல்லையும், அவர்கள் வாயில் என்ன சொல் வருகிறது என்பதையும் குறித்து எனக்கு அனுப்புங்கள். அங்கே சேர்த்துவிடலாம்.