டிஸ்ட்ரிக்ட் நர்ஸ் ஆகப் படிக்கலாமா?

கேள்வி: தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங் முடித்தவள். இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனையின் முதியோர் வார்டில் பேண்ட் 5 (பதிவுபெற்ற செவிலியரின் தொடக்கச் சம்பளநிலை) செவிலியராக இருக்கிறேன். டிஸ்ட்ரிக்ட் நர்சிங் பட்டமேற்படிப்பில் சேர ஆசை. "வீடு வீடாகப் போய்க் கட்டுப் போடுவதற்கு எதற்கு மேற்படிப்பு?" என்கிறார் கணவர். என்ன பதில் சொல்வது, அக்கா?
– வாசகி, பர்மிங்ஹாம்

பதில்: உங்கள் கணவரை ஒரு நாள் என் காரில் ஏற்றிக்கொண்டு போனால் அவரே புரிந்துகொள்வார். நோயாளிகளின் அந்தரங்கம் இருக்கிறதே, அது முடியாது. ஆகவே எழுதியே சொல்கிறேன்.

காலில் ஆறாத புண்ணோடு ஒரு தாத்தா. சிரைக் கோளாறால் வந்த புண் என்றால் இறுக்கக் கட்டினால்தான் ஆறும். ஆனால் தமனியில் ரத்த ஓட்டம் குறைந்திருந்தால், அதே கட்டு காலையே பறித்துவிடும். அதனால் முதலில் ரத்த ஓட்டத்தை ஒலியால் அறியும் டாப்ளர் சோதனை. மல்லாக்கப் படுக்கவைத்து, கணுக்காலில் ஜெல் தடவி, கருவியின் முனையை மெல்ல நகர்த்தி நாடியோசையைத் தேட வேண்டும். கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்தால் வரும் எண் 0.8-க்கும் 1.3-க்கும் இடையில் இருந்தால் பொதுவாக முழு இறுக்கம் தரலாம். தாத்தாவோ மூச்சு வாங்குவதால் நாற்காலியிலேயே உறங்குகிறவர். அவரால் படுக்க முடியாது. கால் வீக்கத்துக்குக் காரணம் சிரையா, இதயமா? வார்டு என்றால் டாக்டரைக் கூப்பிடுவீர்கள். இங்கே நீங்கள், தாத்தா, உங்கள் பையை முகர்ந்து பார்க்கும் பூனை, அவ்வளவுதான். அன்றைக்கு எதைச் செய்வது, எதைத் தள்ளிப்போடுவது, யாருக்குப் போன் செய்வது என்று முடிவெடுத்துக் கையெழுத்துப் போடுவது உங்கள் வேலை.

குழுவை நடத்துவதும் பாடத்தில் உண்டு. காலையில் இருவர் விடுப்பு சொல்லிவிட்டார்கள் என்று வையுங்கள். இன்சுலின் நோயாளிகளைச் சிற்றுண்டிக்கு முன் பார்த்தாக வேண்டும். மரணப் படுக்கையில் இருப்பவருக்கு மருந்தைச் சிறிது சிறிதாகச் செலுத்தும் சிரிஞ்ச் டிரைவரை 24 மணி நேரம் முடிவதற்குள் மாற்ற வேண்டும். யாருடைய கட்டை நாளைக்குத் தள்ளுவீர்கள்?

படிப்பு முழுநேரமாக 1 ஆண்டு, பகுதிநேரமாகப் பெரும்பாலும் 2 ஆண்டு. வகுப்பறையில் இருக்கும் அளவுக்குக் களத்திலும் இருப்பீர்கள். செவிலியர் கவுன்சிலான என்.எம்.சி. 2022-இல் இதற்குப் புதிய தரநிலைகளை வெளியிட்டது. பல பல்கலைக்கழகங்கள் மருந்து எழுதித்தரும் உரிமைக்கான வி300 தகுதியையும் சேர்த்தே தருகின்றன. அதில் மருந்தியல் தேர்வுக்கு 80 சதவீதம் வேண்டும். மருந்துக் கணக்குக்கோ 100 சதவீதம். 99 வாங்கினாலும் தோல்விதான். எனக்கு அதில் முழுச் சம்மதம்: மார்ஃபின் அளவில் ஒரு புள்ளி இடம் மாறினால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

ஆனால் வார்டிலிருந்து நேரே விண்ணப்பிக்காதீர்கள். முதலில் ஒரு சமூகச் செவிலியர் குழுவில் பேண்ட் 5 வேலைக்கே மாறுங்கள். இந்த வேலை தொடங்கிய கதையையே பாருங்கள்: 1859-இல் லிவர்பூலில் வணிகர் வில்லியம் ராத்போன், ஏழைகளை வீட்டிலேயே கவனிக்க மேரி ராபின்சன் என்ற செவிலியரை அமர்த்தினார். கைதேர்ந்தவரான அவரே, கண்ட துயரம் தாங்காமல் விலகக் கேட்டு, பிறகு மனம் மாறித் தொடர்ந்தார். உங்களுக்கு ஒத்துவருமா என்று வேலையில் இறங்கித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இன்னொரு லாபம், உள்ளே இருப்பவர்களையே நிர்வாகம் சம்பளத்தோடு படிக்க அனுப்புவது வழக்கம். சொந்தக் காசைக் கொட்ட அவசரப்படாதீர்கள். தேறியபின் பேண்ட் 6 வேலைகளுக்குப் போட்டியிடலாம். திறன்மிகு பணியாளர் விசாவில் இருந்தால், நிர்வாகம் மாறும்போது புதிய ஸ்பான்சரும் விசா மாற்றமும் தேவை. அது முடியாமல் பழைய வேலையை விடாதீர்கள்.

கேள்வி: இந்தியாவில் சமூக நலச் செவிலியத்தில் எம்.எஸ்சி. முடித்திருக்கிறேன். அதுவே போதாதா?
– வாசகர், லெஸ்டர்

பதில்: போதாது, தம்பி. என்.எம்.சி. அங்கீகரித்த படிப்பை முடித்தால்தான் பதிவேட்டில் உங்கள் பெயருக்கு எதிரே இந்தத் தகுதி ஏறும். ஆனால் நேர்காணலில் அந்த எம்.எஸ்சி. உங்களுக்காகப் பேசும், ஆய்வுக் கட்டுரையைப் படித்துப் பிரித்துமேயத் தெரிந்தவர் என்று காட்டுங்கள்.

கேள்வி: கார் ஓட்டத் தெரியாதே?
– வாசகி, லீட்ஸ்

பதில்: பெரும்பாலான வேலை விளம்பரங்களில் ஓட்டுநர் உரிமம் கட்டாயம். இந்திய உரிமம் இருந்தாலும் பிரிட்டனில் குடியேறிய 12 மாதம் வரைதான் செல்லும். இன்றே தற்காலிக உரிமத்துக்கு விண்ணப்பியுங்கள். படிப்புக்கான விண்ணப்பத்தை அப்புறம் பார்க்கலாம்.