சுற்றுலாவுக்கும் விளையாட்டுக்கும் அரசு தரும் பணத்துக்குத் தணிக்கை இருக்கிறதே, பிறகும் ஏன் இத்தனை வீண்செலவு?

தணிக்கைத் துறை இருக்கிறது, சட்டமன்றக் குழுக்கள் இருக்கின்றன, அறிக்கைகளும் வருடம் தவறாமல் வருகின்றன. அப்படியிருந்தும் ஆளில்லாத அரங்கங்களும் யாரும் எட்டிப் பார்க்காத சுற்றுலா மையங்களும் எப்படி முளைக்கின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். அரசு மானியக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் வேலையில் பல வருடங்கள் இருந்தவன் நான். உள்ளே இருந்து பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். பணம் எப்படிச் செலவானது என்று காட்ட ஒரு கோப்பில் நூறு தாள்கள் இருக்கும். எதற்காகக் கொடுத்தார்கள், கொடுத்த காரணம் நிறைவேறியதா என்று காட்ட ஒரு தாள்கூட இருக்காது. கோளாறு அங்கேதான் தொடங்குகிறது.

வேலையில் சேர்ந்து ஆறேழு வருடம் ஆகியிருந்த சமயம். சிந்தெடிக் ஓடுதளம் ஒன்றுக்குக் கொடுத்த மானியத்தைச் சரிபார்க்கப் போனேன். கோப்பில் குறை சொல்ல எதுவும் இல்லை. டெண்டர் முறைப்படி விட்டிருந்தார்கள். முடித்த வேலையின் அளவைப் பதியும் அளவுப் புத்தகத்தில் பொறியாளர் கையெழுத்து இருந்தது. பில்களைக் கூட்டிப் பார்த்தால் தொகை காசு பிசகாமல் வந்தது. நிதியாண்டு முடிவதற்கு முந்தைய வாரத் தேதியிட்டு, கொடுத்த பணம் செலவாகிவிட்டது என்று சொல்லும் பயன்பாட்டுச் சான்றிதழும் இருந்தது. நேரில் பார்த்தபோது தளமும் நன்றாகவே போட்டிருந்தார்கள். ஆனால் கேட் பூட்டியிருந்தது. காவலாளியைத் தேடிப் பிடித்துச் சாவி வாங்கி, உள்ளே போய் அளந்துவிட்டு வெளியே வந்தால், மதிலை ஒட்டிய தார் ரோட்டில் ஏழெட்டுப் பிள்ளைகள் ஓடிப் பழகிக்கொண்டிருந்தார்கள். ஏன் உள்ளே ஓடவில்லை என்று கேட்டேன். "தொறந்து விட்டா டிராக் கெட்டுப்போயிடுமாம் சார்" என்றாள் ஒரு பெண்.

அன்று நான் எழுதிய குறிப்பில் "குறைபாடு ஏதும் இல்லை" என்றுதான் இருந்தது. விதிப்படி வேறு எதையும் எழுத இடமில்லை. தளத்தை யார் பராமரிப்பது, அதற்குப் பணம் எங்கிருந்து வரும் என்று மானிய ஆணையில் ஒரு வரியும் கிடையாது. போடாத நிபந்தனையை மீறிவிட்டார்கள் என்று எப்படித் தணிக்கை ஆட்சேபம் எழுப்புவது? விண்ணப்பத்தில் "பயன்படுத்தப்போகிறவர்கள்" என்று ஒரு கட்டம் இருந்தது. அதை யாரும் நிரப்பவில்லை. நிரப்பாத அந்த விண்ணப்பத்துக்குத்தான் முழுத் தொகையும் போயிருந்தது. அந்தக் காலிக் கட்டம் என்னை இன்றுவரை விடவில்லை.

சாலை போட்டால் வண்டி ஓடுகிறதா என்று மறுநாளே தெரிந்துவிடும். மருத்துவமனையில் படுக்கை எத்தனை, மருந்து இருப்பு எவ்வளவு என்று எண்ணிவிடலாம். சுற்றுலாவிலும் விளையாட்டிலும் பணம் கேட்பவர் காட்டுவது, இனிமேல் வரப்போகிற கூட்டத்தை. இத்தனை லட்சம் பேர் வருவார்கள், ஹோட்டல்கள் நிரம்பும், வேலை பெருகும் என்று ஓர் அறிக்கை மேசைக்கு வரும். அந்த அறிக்கையை எழுதச் சொன்னவரும், அதற்குக் கட்டணம் கொடுத்தவரும், திட்டம் வேண்டும் என்று கேட்கிறவரும் பெரும்பாலும் ஒரே தரப்பு. எப்படியும் வந்திருக்கக்கூடிய பயணியும் அந்தக் கணக்கில் சேருவார். வேறு கடையில் செலவழித்திருக்கக்கூடிய உள்ளூர்க்காரரின் பணமும் புது வருமானமாகச் சேரும். கூட்டத்துக்குப் பயந்து வராமல் போனவரை மட்டும் யாரும் கழிப்பதில்லை. லண்டனில் ஒலிம்பிக் நடந்த 2012 ஆகஸ்டில், பிரிட்டனுக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகளின் எண்ணிக்கை முந்தைய ஆண்டு ஆகஸ்டைவிடக் குறைந்தது. போட்டிக்காக வந்தவர்கள் வந்தார்கள், வழக்கமாக வருகிறவர்களில் பலர் அந்த மாதத்தைத் தவிர்த்துவிட்டார்கள்.

கண்காணிப்பு எப்படி வேலை செய்கிறது, எங்கே நின்றுபோகிறது என்று புரிந்துகொள்ள நான் அடிக்கடி காட்டும் உதாரணம் ஆஸ்திரேலியா. 2018இல் அங்கே உள்ளூர் விளையாட்டுக் கழகங்களுக்காக மானியத் திட்டம் ஒன்றை அறிவித்தார்கள், அதன் தொகை பின்னால் 10 கோடி ஆஸ்திரேலிய டாலராக ஏறியது. ஸ்போர்ட் ஆஸ்திரேலியா என்ற அரசு அமைப்பு, அறிவித்த அளவுகோல்களின்படி ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் மதிப்பெண் போட்டது. மூன்று சுற்றுகளில் 684 திட்டங்களுக்குப் பணம் கிடைத்தது. எம்.பி.யாகக்கூட இல்லாத வேட்பாளர் ஒருவர், புல்தரையில் பந்து உருட்டி ஆடும் ஒரு பவுலிங் கிளப்புக்குப் பெரிய அட்டைக் காசோலையைத் தூக்கிக் கொடுத்த புகைப்படம் வெளியானது. அதிலிருந்து கேள்வி எழுந்து, விஷயம் தேசியத் தணிக்கை அலுவலகத்துக்குப் போனது. 2020 ஜனவரியில் அறிக்கை வந்தது. முதல் சுற்றில் பணம் பெற்றவற்றில் 41 சதவீதம், இரண்டாவதில் 70 சதவீதம், மூன்றாவதில் 73 சதவீதம் ஸ்போர்ட் ஆஸ்திரேலியா பரிந்துரைக்காதவை. அமைச்சர் அலுவலகம் தனியாக ஒரு மதிப்பீடு நடத்தியிருந்தது. அதில் போட்டி கடுமையான தொகுதிகளுக்கு முக்கியத்துவம் கொடுத்திருந்தார்கள். இப்படி முடிவெடுக்க அமைச்சருக்குச் சட்டப்படி அதிகாரம் இருந்ததாகவும் தெரியவில்லை என்று தணிக்கையாளர் எழுதினார். அமைச்சர் பிரிட்ஜெட் மெக்கென்சி அடுத்த மாதமே பதவி விலகினார். ஆனால் விலகலுக்குக் காரணமாகச் சொல்லப்பட்டது வேறு: மானியம் பெற்ற துப்பாக்கி சுடும் கழகம் ஒன்றில் தான் உறுப்பினர் என்பதை அவர் முன்கூட்டித் தெரிவிக்கவில்லை என்பது.

இதில் நான் பார்ப்பது இரண்டு. நல்ல மதிப்பெண் வாங்கியும் பணம் கிடைக்காத கழகங்கள் பல இருந்தன. பதவி விலகலால் அவர்களுக்கு ஒன்றும் கிடைத்துவிடவில்லை. இன்னொன்று, தணிக்கையாளரால் இவ்வளவு துல்லியமாகச் சதவீதம் சொல்ல முடிந்ததே, அது எதனால்? அளவுகோல் முன்பே எழுதி வெளியிடப்பட்டிருந்தது. ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் மதிப்பெண் பதிவாகியிருந்தது. அந்தப் பட்டியல் இல்லையென்றால், "எல்லாரும் தகுதியானவர்களே" என்ற ஒரு வாக்கியத்தோடு கோப்பு மூடப்பட்டிருக்கும். நான் பார்த்த ஓடுதளக் கோப்பில் அப்படி எந்தப் பட்டியலும் இல்லை.

பெரிய போட்டிகளுக்கு வந்தால், தவறு முதல் மதிப்பீட்டிலேயே உட்கார்ந்திருக்கும். 1976 ஒலிம்பிக்கை நடத்திய மான்ட்ரியல் நகரத்தின் மேயர் ழான் டிராப்போ, ஆணுக்குப் பிள்ளை பிறக்காததுபோல ஒலிம்பிக்கில் நஷ்டமும் வராது என்ற பொருளில் பேசியவர். அந்தக் கடன் 2006இல்தான் அடைந்தது. அதற்காகப் போட்ட புகையிலை வரியை, போட்டியைப் பார்க்கக்கூட வயது வந்திராதவர்கள் முப்பது வருடம் கழித்தும் கட்டிக்கொண்டிருந்தார்கள். டெல்லி 2010 காமன்வெல்த் போட்டிக்கு 2003இல் விண்ணப்பித்தபோது காட்டிய மதிப்பீடு சுமார் 1,200 கோடி ரூபாய். 2011 ஆகஸ்டில் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் (சிஏஜி) அறிக்கை வந்தபோது மொத்த மதிப்பு 18,532 கோடி என்று இருந்தது. முதல் பட்டியலில் இல்லாத நகர உள்கட்டமைப்பு வேலைகளும் இரண்டாவதில் சேர்ந்திருக்கின்றன. இரண்டையும் அப்படியே ஒப்பிடுவது நியாயமாகாது. ஆனால் எனக்கு வருத்தம் அந்த இடத்தில்தான். எது போட்டிச் செலவு, எது நகரச் செலவு என்று முதல் நாளே கோடு கிழித்திருக்க வேண்டும். கோடு இல்லாதபோது அவசரம் என்ற பெயரில் எதையும் உள்ளே சேர்க்கலாம். தொடக்க விழாத் தேதியை மாற்ற முடியாது என்று தெரிந்த ஒப்பந்ததாரரிடம் யாரால் பேரம் பேச முடியும்?

லண்டன் இந்த விஷயத்தில் மேல். 2012 போட்டிக்கான விண்ணப்பத்தில் காட்டிய தொகை போதாது என்று 2007இலேயே ஒப்புக்கொண்டு, 9.3 பில்லியன் பவுண்ட் என்று பொது நிதியைத் திருத்தி அறிவித்தார்கள். எதிர்பாராத செலவுக்கான தொகையும் அதில் தனியாகக் காட்டப்பட்டிருந்தது. பிரிட்டனின் தேசியத் தணிக்கை அலுவலகம் போட்டி முடியும்வரை காத்திருக்கவில்லை. கட்டுமானம் நடக்கும்போதே அறிக்கை மேல் அறிக்கையாக வெளியிட்டுக்கொண்டே வந்தது. கடைசியில் திருத்திய தொகைக்குள் செலவு நின்றது. முதல் மதிப்பீடு தவறு என்ற உண்மை அதனால் மறைந்துவிடாதுதான். ஆனால் வேலை நடக்கும்போதே வருகிற அறிக்கைக்கும், எல்லாம் முடிந்தபின் வருகிற அறிக்கைக்கும் எவ்வளவு வித்தியாசம் என்பது வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தின் கதை வேறு மாதிரி. 2026 காமன்வெல்த் போட்டிக்கு 2.6 பில்லியன் ஆஸ்திரேலிய டாலர் ஒதுக்கினார்கள். செலவு பலமடங்கு ஏறும் என்று சொல்லி 2023 ஜூலையில் கைவிட்டார்கள். நடக்காத போட்டிக்கு 58.9 கோடி டாலர் செலவானது என்று அடுத்த ஆண்டு மாநிலத் தலைமைத் தணிக்கையாளர் கணக்குக் காட்டினார். அதில் 38 கோடி, ஒப்பந்தத்தை முறித்ததற்கான இழப்பீடு.

கண்காணிப்பு இருந்தும், அது தவறான ஒன்றை எண்ணிக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் பிரிட்டனுக்கு ஒரே ஒரு தங்கம். பிறகு தேசிய லாட்டரிப் பணம் விளையாட்டுக்குத் திருப்பிவிடப்பட்டது, பதக்க வாய்ப்பை வைத்து நிதி பிரித்தார்கள், லண்டனில் 29 தங்கம், ரியோவில் 27. நிதிக்கும் விளைவுக்கும் இவ்வளவு நேரான தொடர்பு அரிது. ஆனால் ரியோவில் வெண்கலம் வென்ற பாட்மின்டனுக்கு அடுத்த சுற்றில் நிதியே நிறுத்தப்பட்டது. ஜிம்னாஸ்டிக்ஸில் சிறு வயதுப் பிள்ளைகளை உடலாலும் மனத்தாலும் வதைத்த பயிற்சி முறைகளை 2022இல் வந்த, வழக்கறிஞர் ஆன் வைட்டின் விசாரணை அறிக்கை வரிசையாகச் சொன்னது. அத்தனை வருடங்களும் அந்த விளையாட்டுக்குப் பொதுப்பணம் போய்க்கொண்டுதான் இருந்தது. பதக்கம் எண்ணிய படிவத்தில் பிள்ளைகளின் நிலையைக் கேட்கும் கட்டம் இல்லை. இதை நான் கணக்குப் பிழையாக நினைக்கவில்லை, அதைவிடப் பெரிய தவறு.

தவறான ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கும் இந்தப் பழக்கம் சுற்றுலாப் பயணிகளிடம் வாங்கும் கட்டணத்திலும் உண்டு. நியூசிலாந்து 2019இல் 35 நியூசிலாந்து டாலராக இருந்த தன் பயணிகள் கட்டணத்தை 2024 அக்டோபரில் 100 டாலராக்கியது. பூடான் 2022இல் ஓர் இரவுக்கு 200 அமெரிக்க டாலர் என்று ஏற்றி, அடுத்த ஆண்டே 100ஆகக் குறைத்தது. கட்டணம் கூடவா குறையவா என்ற விவாதம்தான் எப்போதும் நடக்கிறது. வசூலான பணம் தனிக் கணக்கில் நிற்கிறதா, அந்த இடத்துக்கே திரும்புகிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

அறிக்கை வந்தும் ஏன் ஒன்றும் மாறுவதில்லை என்பதற்குப் பெரும்பாலும் காலதாமதம்தான் காரணம். பணம் போய், கட்டடம் எழுந்து, கையெழுத்துப் போட்டவர் மாற்றலாகி, ஓய்வும் பெற்ற பிறகு தணிக்கைக் குறிப்பு வரும். இப்போது அந்த நாற்காலியில் இருப்பவர் "தங்கள் குறிப்பு பரிசீலனையில் உள்ளது" என்று பதில் அனுப்புவார். சட்டமன்றக் குழு அதை எடுக்கும்போது இன்னும் சில வருடம் ஓடியிருக்கும். இதில் தணிக்கையாளரைக் குறை சொல்வதில் பயனில்லை. பணம் கொடுக்கும் முன்பே எழுதி வாங்க வேண்டியதை வாங்காமல் விட்டுவிட்டு, பின்னால் வருகிறவரிடம் தீர்ப்பு எதிர்பார்க்கிறோம்.

நீங்கள் ஒரு திட்டத்தைப் பற்றிக் கேள்வி கேட்க நினைத்தால், "எவ்வளவு செலவு" என்பதோடு நிறுத்தாதீர்கள். அதற்குப் பதில் எப்போதும் தயாராக இருக்கும். தேர்வு அளவுகோல் எந்தத் தேதியில் வெளியானது, விண்ணப்பங்களின் மதிப்பெண் பட்டியல் எங்கே, பரிந்துரையை மாற்றியது யார், அதற்கான காரணத்தை எழுதினாரா என்று கேளுங்கள். கட்டி முடித்தபின் மின்சாரம், பராமரிப்பு, ஆள் சம்பளம் யார் தலையில் என்று கேளுங்கள். இத்தனை பேர் வருவார்கள் என்று சொன்னவரிடம், எத்தனை பேர் வந்தார்கள் என்று மூன்று வருடம் கழித்து எண்ணப்போவது யார் என்று கேளுங்கள். எண்ணுகிறவர் வேறு ஆளாக இருக்க வேண்டும்.

கடைசிச் சில வருடங்கள், மானிய விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் குழு ஒன்றில் நிதி உறுப்பினராக இருந்தேன். 50 மீட்டர் நீச்சல் குளம் கேட்டு ஒரு விண்ணப்பம் வந்தது. "பயன்படுத்தப்போகிறவர்கள்" கட்டம் இதிலும் காலி. திருப்பி அனுப்பினேன். தினமும் எத்தனை மணி நேரம் திறப்பீர்கள், யார் யார் வருவார்கள், நீரைச் சுத்திகரிக்க மாதம் எவ்வளவு ஆகும், அந்தப் பணம் எங்கிருந்து வரும் என்று எழுதித் தரச் சொன்னேன். கோபித்துக்கொண்டார்கள், மேலே புகாரும் போனது. இரண்டு மாதம் கழித்து அவர்களே கணக்குப் போட்டு, 25 மீட்டர் குளத்துக்குத் திருத்திய விண்ணப்பத்தோடு வந்தார்கள். பெரிய குளத்தைக் கட்டினால் இரண்டாம் வருடமே பூட்ட வேண்டிவரும் என்று அந்தக் கணக்கில் அவர்கள் கைப்படவே எழுதியிருந்தது. சின்னக் குளத்துக்கு அனுமதி கொடுத்தோம். ஓய்வு பெற்றபின் ஒருமுறை அந்தப் பக்கம் போனேன். விடியற்காலை ஐந்தரை மணி, கேட் திறந்திருந்தது, உள்ளே பிள்ளைகள் நீந்திக்கொண்டிருந்தார்கள்.