பிடித்தம் செய்த வருமான வரியைக் கேட்டுப் பெறுங்கள்

கேள்வி: பல்லடம் அருகே எங்களுக்கு நான்கு விசைத்தறிகள் உள்ளன. ஜவுளி உற்பத்தியாளர் தரும் பாவு நூலையும் ஊடை நூலையும் கொண்டு கூலிக்கு நெய்து தருகிறோம். 2025-26ஆம் நிதியாண்டில் என் கணவர் பெயரில் வந்த கூலி 4,20,000 ரூபாய்; செலவு போக மிஞ்சியது ஒன்றரை லட்சம். கூலியில் நூற்றுக்கு ஒரு ரூபாயை வருமான வரியாகப் பிடித்துவிட்டார்கள். அது திரும்பக் கிடைக்குமா? கணக்குத் தாக்கல் செய்தால் எனக்கு வரும் மகளிர் உரிமைத் தொகை நின்றுவிடும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: அன்புச் சகோதரிக்கு, பிடிக்கப்பட்ட 4,200 ரூபாயும் உங்கள் குடும்பத்தின் பணம். அந்த நிதியாண்டுக்குப் புதிய வரிமுறையில் நான்கு லட்சம் ரூபாய் வரையிலான வருமானத்துக்கு வரியே கிடையாது; செலவு போக மிஞ்சிய ஒன்றரை லட்சம்தான் உங்கள் கணவரின் வருமானம். வரி கட்ட வேண்டியதில்லை என்பதால் தாக்கலும் தேவையில்லை என்று நம் பகுதியில் பலர் இருந்துவிடுகிறார்கள். ஆனால் கணக்குத் தாக்கல் செய்து கேட்காதவரை வருமான வரித்துறை அந்தப் பணத்தைத் தானாகத் திருப்பித் தருவதில்லை.

உங்களைத் தயங்க வைக்கும் பேச்சு, விதியில் உள்ள வருமான வரம்பைக் கவனிக்காததால் எழுந்தது. 2023இல் தொடங்கிய உரிமைத் தொகைத் திட்டத்தின் விதிகள், குடும்பத்தின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்தைத் தாண்டக் கூடாது என்கின்றன. அதற்கு மேல் ஈட்டி வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்வோரையும் வரி செலுத்துவோரையும்தான் விலக்குகின்றன. ஒன்றரை லட்சம் மட்டும் ஈட்டும் உங்கள் கணவர் கணக்குத் தாக்கல் செய்வதாலேயே அந்த விலக்கில் வரமாட்டார். குடும்பத்தில் வேறு வருமானம் இருந்தால் அதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில், பிடித்த தொகை உங்கள் கணவரின் பான் எண்ணில் வரவு வைக்கப்பட்டுள்ளதா என்று வருமான வரி இணையதளத்தில் 26ஏஎஸ் படிவத்தைப் பாருங்கள். இல்லையென்றால், உற்பத்தியாளரின் கணக்காளரிடம் சொல்லிச் சரிசெய்யச் செய்யுங்கள். பான் எண் கொடுக்காத தறிக்காரர்களிடம் இருபது சதவீதம் வரை பிடிக்க இடமுண்டு என்பதைத் தெரிந்தவர்களுக்கும் சொல்லுங்கள். சிறு தொழில் செய்வோருக்கான ‘சுகம்’ படிவம் உங்களுக்குப் பொருந்தும். கெடு தவறினாலும் 2026 டிசம்பர் 31 வரை தாக்கல் செய்யலாம்; வருமானம் நான்கு லட்ச வரம்புக்குள் இருப்பதால் தாமதக் கட்டணமும் இல்லை.

இணையதளத்தில் தாக்கல் செய்வது இலவசம். பிறர் உதவியை நாடினால் உழைப்புக்குரிய கட்டணத்தை மட்டும் கொடுங்கள்; இல்லாத வரிக் கழிவுகளைக் காட்டிப் பெரிய தொகை வாங்கித் தருவதாகச் சொல்பவரிடம் போகவே வேண்டாம், ஏனெனில் பொய்க் கணக்குக்கான நோட்டீசு உங்கள் கணவரின் பெயருக்குத்தான் வரும். தாக்கல் செய்த முப்பது நாட்களுக்குள் ஆதார் ஓடிபி மூலம் அவரே உறுதிசெய்ய வேண்டும்; தாமதித்தால் உறுதிசெய்த நாளே தாக்கல் செய்த நாளாகக் கொள்ளப்படும், உறுதிசெய்யாமலே விட்டால் அந்தத் தாக்கல் செல்லாது.